ஐந்து வினாடி விளம்பரம்

அந்த விளம்பரம் ஐந்து வினாடி ஓடியிருக்கும், அதற்கு மேல் இல்லை. குட்டைச் சட்டை போட்ட ஒருத்தி கழுத்தில் எதையோ வாசனைக்கு அடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அதற்குள் விஞ்ஞான ரீச்சர் உள்ளங்கையால் போன் திரையை மூடிவிட்டார். அவரைச் சுற்றி நின்ற ஆறு பிள்ளைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்ற நான்கு பேரும் மீனின் இதயத்தைப் பார்க்கக் காத்து நின்றார்கள். பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த நான் இடையிலிருந்த அரைச்சுவருக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்தித்தான் எழுதுகிறேன். ஏனென்றால் நான்கு நாள் கழித்து, ஒன்றையும் பார்க்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான்.

எங்கள் பாடசாலை வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுக்கும் அப்பால், வயல் வட்டைகளுக்கு நடுவே இருந்தது. விஞ்ஞானகூடம் என்று எழுதியிருந்த அறைக்குள் உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியின் வில்லையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்த இடத்துக்குத்தான் ரீச்சர் டவுனிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் பாலம் கடந்து வருவார். பாடசாலையில் சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும், அதுவும் மனம் வைத்தால்தான் கிடைக்கும். அதனால் வேண்டிய வீடியோக்களை வீட்டிலேயே இறக்கி போனில் கொண்டுவருவார். முப்பத்துநான்கு பிள்ளைகளுக்கு ஒரு போன். ஆறு ஆறு பேராகக் கூப்பிட்டு, ஒரே படத்தை ஆறு தரம் போட்டுக் காட்டுவார். ஆறாவது தரமும் முதல் தரம் பார்ப்பவரைப் போலவே விளக்கம் சொல்லுவார்.

கண்டதையும் காட்டுகிறவர் அல்ல அவர். ஒரு வீடியோவை மூன்று முறையாவது தான் பார்த்த பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுவருவார். தமிழில் கிடைத்தவை பெரும்பாலும் இந்தியாவில் எடுத்தவை. அங்கே தமனி, சிரை. எங்கள் பாடப்புத்தகத்தில் நாடி, நாளம். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. “நம்மட புள்ளையள் சோதினையில தமனி எண்டு எழுதிற்று வந்தா ஆர் புள்ளி போடுவா?” என்று சொல்லி, சத்தத்தை நிறுத்திவிட்டுத் தானே பேசுவார். எந்த வீடியோ, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

அந்த ஒரு நாள் மட்டும்தான் வகுப்பில் நின்று தேடினார். இதயப் பாடத்தின் நடுவே, வாவியில் வலை போடும் ஒருவரின் மகள் எழுந்து, “ரீச்சர், மீனுக்கும் நாலு அறையா?” என்று கேட்டாள். இரண்டுதான் என்று சொல்லி உட்கார வைத்திருக்கலாம். “பொறு புள்ள, பாத்தே சொல்லுவம்” என்று ஜன்னலோரம் போய்த் தேடினார். மீனுக்கு முன்னால் அந்த விளம்பரம் வந்தது.

ரீச்சர் கெட்ட படம் காட்டினார் என்று கேள்விப்பட்ட ஒரு தகப்பன் மூன்றாம் நாள் வந்து சத்தம் போட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் மேல்தான் கோபம். பாடசாலை அதிபர் அந்த மனிதரை இருத்தி, நடந்ததைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதற்குப் பதில் அதிபர் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் வந்த அதிகாரி ஒரு பிள்ளையைக்கூட விசாரிக்கவில்லை. “வகுப்புக்குள்ள போன் கொண்டு போனதே பிழை. மிச்சம் என்னத்துக்கு?” என்றார். அதிபர் என்னைத் தனியே கூப்பிட்டார். “நீங்க ஒண்டும் பாக்கல்லதானே ரீச்சர்? அப்பிடியே எழுதித் தாங்க. உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?” டவுன் பாடசாலைக்கு மாற்றம் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் அப்போது அவரது மேசையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன்.

ரீச்சரை இன்னும் உள்ளே, உன்னிச்சைக்கு அப்பால் ஒரு பாடசாலைக்குத் தூக்கிப் போட்டார்கள். போகிற அன்று கொப்பியை என் கையில் தந்து, “புதுசா வாற ஆளிட்டக் குடுங்க கா” என்றார். அந்த வருடம் யாரும் வரவில்லை. பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த பிள்ளைகள் விஞ்ஞான பாடவேளையில் மரத்தடியில் இருந்து கதை பேசினார்கள்.

பிறகு நோய் வந்து பாடசாலைகளைப் பூட்டினார்கள். எல்லோரும் போனில் படிப்பிக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. அனுப்பியவர் அதே அதிகாரி. விஞ்ஞானத்துக்கு நல்ல வீடியோக்களின் பட்டியல் உடனே தேவை என்றார்கள். கொப்பியிலிருந்ததைத் தட்டச்சு செய்து, மேலே ரீச்சரின் பெயரைப் போட்டு அனுப்பினேன். பாடசாலைகள் திறந்த பின் டவுனில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பெரிய திரையில் அந்தப் பட்டியல் விழுந்தது. நாடி, நாளம் முதல் எல்லாம் அப்படியே. பெயர் இருந்த இடத்தில் அலுவலகத்தின் பெயர். “எங்கட புள்ளையள்ட புத்தகத்துக்கு ஏத்த மாதிரி, நிமிஷம் நிமிஷமாப் பாத்துத் தெரிவு செஞ்சது” என்று அதிகாரி பெருமையோடு சொன்னார்.

நான் எழுந்தேன். “சேர், இத எழுதினது நீங்க போனுக்காக மாத்தி அனுப்பின ரீச்சர்” என்றேன். “அது பழைய கதை ரீச்சர், இருங்க” என்றார் அவர். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேத்தண்ணீர் வந்தது. எல்லோரும் எழும்பிப் போனார்கள்.

அன்று பின்னேரம் ரீச்சருக்குப் போன் எடுத்து, பெரிய காரியம் செய்தவளைப் போல எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். “சந்தோசம் கா. ஆனா அண்டைக்கு ஒரு வரி எழுதியிருந்தாப் போதுமே” என்றார். அந்த வாக்குமூலத்தை அவருக்குக் காட்டியிருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. இத்தனை வருடமும் தெரிந்துகொண்டே என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறார்.

அதிபர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அதிகாரி இன்னும் மேலே போனார். நான் கேட்ட டவுன் பாடசாலை எனக்குக் கிடைத்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

போன மாதம் ஒரு அலுவலாக ரீச்சரின் பாடசாலைக்குப் போனேன். அங்கும் இப்போது சுவரை அடைத்த புதிய திரை இருக்கிறது, இணையமும் வந்துவிட்டது. ரீச்சர் அதற்கு முதுகைக் காட்டி நின்று, சிவப்பு, நீலச் சோக்குகளால் கரும்பலகையில் சிறுநீரகத்தைக் கீறிக்கொண்டிருந்தார். முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தி, “ரீச்சர், இது உள்ளுக்க எப்பிடி வேல செய்யுது எண்டு அந்தத் திரையில காட்டுங்களன்” என்று கேட்டது.

ரீச்சர் திரும்பவில்லை.

“புத்தகத்தில இரிக்கிறதப் பாத்துக் கீறு புள்ள” என்றார்.