பத்து நிமிஷக்காரி

அவரைத் தெருவில் எல்லோரும் பத்து நிமிஷக்காரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். கேமராவுக்குள் போடுகிற மெமரி கார்டு, பேட்டரி, வயர், இவ்வளவுதான் சரக்கு. அடுத்த அறையில் அவர் வீட்டுக்காரர் சாவி வெட்டுகிறார். நடுவில் ஒரு பலகைச் சுவர்.

நான் முதன்முதலில் அங்கே போனபோது கொதித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அம்மாவுக்கு வலது கையில் அறுவை சிகிச்சை. மணிக்கட்டு நரம்பில் கட்டி. எடுத்த பிறகு விரல்கள் பழையபடி மடங்குமா என்று கேட்டதற்கு, டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்களுக்குக் கை போனால் கை மட்டும்தான் போகும். என் அம்மாவுக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. கைதான் பேச்சு. அதுவும் பள்ளியில் படித்த சைகை இல்லை, எங்கள் வீட்டுக்குள்ளேயே அம்மா உண்டாக்கியது. உலகத்தில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள் இரண்டே பேர், அம்மாவும் நானும். அதை முழுசாகப் படம் பிடித்து வைத்துவிட வேண்டும், அன்றைக்கே.

போனில் எடுத்துப் பார்த்தேன். அம்மா பேசுகிற வேகத்துக்கு விரல்கள் கலங்கிப் புகை மாதிரி தெரிந்தன. ஆபீஸில் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி நல்ல கேமரா இரவல் வாங்கினேன். வேறொரு கடையில் இருப்பதிலேயே பெரிய எண் போட்ட கார்டாகப் பார்த்து, கெட்டிக்காரி போல வாங்கிப் போட்டேன். பதினாலாவது நொடியில் நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி பதினாலு. அம்மாவையும் கேமராவையும் இழுத்துக்கொண்டு இந்தக் கடைக்கு ஓடினேன்.

பத்து நிமிஷக்காரி கார்டை வாங்கி, சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பெரிய எண்ணைப் பார்த்து வாங்கினீங்களா?"

"வேற எதைப் பார்க்கணும்?" சுள்ளென்று கேட்டேன்.

"இந்தப் பெரிய எண் கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கிற வேகம்மா. கேமரா உள்ள எழுதுற வேகம் இங்க, மூலையில. 'வி'ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து, பக்கத்துல பத்து. உங்க கேமரா கொட்டுற வேகத்துக்கு இது எழுதி முடிக்கல. அதான் நின்னுடுது. வி முப்பது போதும். நடுவுல மூச்சே வாங்கக்கூடாதுன்னா வி அறுபது."

"அறுபதே குடுங்க. சீக்கிரம்."

"குடுக்கறேன். பத்து நிமிஷம் எடுத்துப் பார்த்துட்டு."

இதுதான் அந்த அக்காவின் சட்டம். விற்கிற கார்டை வாங்குபவரின் கேமராவிலேயே போட்டு, பத்து நிமிஷம் ஓட்டி, திருப்பிப் பார்த்து, அழித்துவிட்டுத்தான் கையில் தருவார். அவசரம் என்றால் அடுத்த கடையைக் காட்டுவார். பதினெட்டு வருஷம் ஒரு ஸ்டுடியோவில் வீடியோ வெட்டி ஒட்டும் வேலை பார்த்தவர். பாதியில் அறுந்துபோன படங்கள் அவர் மேஜைக்குத்தான் வரும். மீதி எங்கே என்று கேட்கிற குடும்பங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, இந்தக் கடையை வைத்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

"எதை எடுக்கப் போறீங்களோ அதையே எடுங்க," என்று அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தார். பலகைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். பக்கத்தில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த சாவி மெஷின் நின்றது.

"அம்மாவுக்குக் காது கேட்காதுக்கா. சத்தம் இருந்தா பரவால்ல."

"அம்மாவுக்குக் கேக்காது, கார்டுக்குக் கேக்கும்ல. உங்களப் பத்தி என்கிட்ட ஏதாவது சொல்லச் சொல்லுங்க."

அம்மாவுக்கு ஆள் கிடைத்தது போதும். நான் படம் பிடித்துக்கொண்டே, அம்மா காட்டுவதை அக்காவுக்கு வார்த்தையில் சொல்லிக்கொண்டு வந்தேன். சின்ன வயதில் சோப்பைக் கடித்தது, பள்ளிக்கூட வாசலில் புரண்டது என்று என் மானம் கடையேறியது. திடீரென்று அம்மா தன் இடது மணிக்கட்டைச் சுற்றி வலது கையின் இரண்டு விரலை ஓட்டினார். அது என் பெயர். ஏன் அப்படி ஒரு பெயர் என்று நான் கேட்டதே இல்லை.

பிறகு அம்மா ஒரு கயிற்றைக் காட்டினார். ஒரு முனை தன் மணிக்கட்டில். மறுமுனை ஒரு சின்னஞ்சிறு காலில். குழந்தை அழுதால் எனக்குக் கேட்காதே, அதனால் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன், என்றது அம்மாவின் கை. இவள் உதைப்பாள், நான் எழுந்துகொள்வேன். சொல்லிவிட்டு அம்மா சிரித்தார், மூக்கால் வருகிற அந்தச் சின்னக் கீச்சுச் சத்தத்தோடு.

நான் வார்த்தையில் சொல்வதை நிறுத்திவிட்டிருந்தேன். கேமரா மட்டும் நிற்கவில்லை.

பத்து நிமிஷம் முடிந்தது. அக்கா கேமராவை வாங்கி ஓட்டிப் பார்த்தார். ஒரு விரல்கூடக் கலங்கவில்லை. வழக்கம்போல அழிக்கிற இடத்துக்குப் போய், பொத்தான் மேல் விரலை வைத்தார். வேண்டாம் என்று கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். அம்மா கடைசியாகச் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவருக்குப் புரிந்திருக்காது.

"நான் அழிக்காம குடுக்கிற முதல் கார்டு இதுதான்," என்றார். "இடம் நிறைய இருக்கு. மிச்சத்தை இதுக்குப் பின்னால எடுத்துக்கங்க."

அன்று வீட்டில் மூன்று மணி நேரம் எடுத்தேன். நல்ல புடவை கட்டி, விறைத்துப்போய் உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பதுபோல் அம்மா ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார். எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தப் பத்து நிமிஷத்தைத்தான். பாதியில் நின்ற கார்டை நம்பி இருந்தால் எனக்குச் சோப்பைக் கடித்த கதையின் பாதிதான் மிஞ்சியிருக்கும். மெஷினை நிறுத்தாமல் இருந்தால் அந்தச் சிரிப்பின் சத்தமும் பதிந்திருக்காது. மனதுக்குள் திட்டியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கட்டியை எடுத்துவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவே இல்லை. என் பெயரைச் சொல்லுகிற அதே இரண்டு விரல். அம்மா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை, என்னிடம்கூட. அப்புறம் ஒருநாள் தானாகவே எடுத்த படத்தைப் போடச் சொல்லி, அதில் தன் பழைய வலது கையைப் பார்த்துப் பார்த்து இடது கைக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தன்னிடமே பாடம் கேட்கிற மாணவி. இடது கை என் பெயரைச் சரியாகச் சொன்ன அன்று, சுற்றியது தன் மணிக்கட்டை இல்லை, என்னுடையதை.

மறுநாள் அம்மாதான் கிளம்பினார், கடைக்கு. அக்கா எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்னம்மா, கார்டு நின்னுடுச்சா?"

அம்மா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், இடது கையால் பலகைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். மெஷின் நின்றது. அம்மா திரும்பி, அக்காவின் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மறுபடி சுவரில் இரண்டு தட்டு. எங்கள் வீட்டில் பெயர் வைப்பது சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான்.

சாவிக்காரர் தலையை நீட்டினார். "என்ன, ரெக்கார்டிங்கா?"

"இல்லண்ணே," என்றேன். "அம்மா அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க."