சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

கரண்டு என்றால் அந்த வட்டாரத்தில் ஒரு ஆள். மோட்டார் சைக்கிள்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. தகரக் கொட்டகை, கருகிய மர மேசை, டெஸ்ட் லைட், ஆணிகளில் தொங்கும் வயர் சுருள்கள், இவ்வளவுதான் கடை. ஹாரன் மாற்ற, கூடுதல் விளக்கு போட, போன் சார்ஜர் பொருத்த என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் மனுஷன் பேர் எடுத்தது இதிலெல்லாம் இல்லை, ரகசிய சுவிட்சில்.

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சுவிட்ச். சாவியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஒரு வயரை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளையும் இதில் சேர்த்து, வண்டியில் எங்காவது ஒளித்துவிடுவார். அதை அணைத்துவிட்டால் சாவி போட்டதும் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், கிக்கரும் இறங்கும். பிளக்கில் மட்டும் பொறி வராது. திருட வந்தவன் பெட்ரோல் அடைப்பு என்று நினைத்து, உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்து, வண்டியைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். "எந்தக் கொம்பனாவது கண்டுபிடிக்கட்டும், மீசையை எடுத்துடறேன்" என்பார். மீசை இருந்தபடியே இருந்தது.

எந்த வண்டியில் எங்கே வைத்தார் என்று எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. இருநூறு வண்டிகளுக்கு மேல், எல்லாம் தலைக்குள்தான். வேலை முடிந்ததும் வண்டிக்காரரின் விரலைப் பிடித்துச் சுவிட்சில் வைத்துக் காட்டுவார். பிறகு கையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்.

"வீட்ல கூட மூச்சு விடக் கூடாது. பொண்டாட்டி, புள்ள, கூடப் பொறந்தவன், யார்கிட்டயும். சரியா?"

இதற்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. முப்பது வயதில், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய அவருடைய முதல் வண்டியை வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு போனவன் வெளியாள் இல்லை, சொந்தத் தம்பி. சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று தெரிந்தவன். வண்டியும் போயிற்று, தம்பியும் போனான். அம்மாவோ சாகிறவரை தம்பிக்குத்தான் பரிந்து பேசினாள். அன்றிலிருந்து வீட்டு ஆட்கள் என்றாலே கரண்டுக்கு ஆகாது. பாவி மனுஷன், தன் வீட்டுக் கோபத்தை ஊரார் வண்டிகளில் எல்லாம் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இருபத்து நாலு இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வியர்க்க விறுவிறுக்க ஒரு சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கரண்டுக்கு அவளைத் தெரியவில்லை, வண்டியைத் தெரிந்தது. தபால்காரருடையது, இவள் அவர் மகளாகத்தான் இருக்க வேண்டும். நாலு வருஷம் முன்பு கரண்டு தன் கையாலேயே சுவிட்ச் வைத்துக் கொடுத்த வண்டி. சீட்டுக்கு அடியில், இடது பக்கம், ரப்பர் கட்டைக்குப் பின்னால்.

"ஸ்டார்ட் ஆகலண்ணே. ஒருத்தர் பிளக்கை மாத்தினாரு. இன்னொருத்தர் கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினாரு. ஒண்ணும் ஆகல. அவர்தான் உங்ககிட்ட போகச் சொன்னாரு."

இரண்டு மெக்கானிக்குகள் தோற்றுப்போயிருக்கிறார்கள். கரண்டுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே, பெண்ணின் எதிரில் சுவிட்சைத் தொட முடியாது.

"அப்பாவை வரச் சொல்லும்மா. அவர் வந்தா ரெண்டு நிமிஷ வேலை."

"அப்பா இல்லண்ணே. தவறி இருபது நாள் ஆச்சு."

கரண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சலித்திருப்பாளோ.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு எந்திரிச்சாரு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பேச்சு வரல, வலது கையும் விழுந்துடுச்சு. நானும் அம்மாவும்தான் வீட்ல. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி. உதைக்கிறேன், உதைக்கிறேன், ஸ்டார்ட்டே ஆகல. இருபது நிமிஷம். லைட் மட்டும் எரியுது. அப்புறம் எதிர்வீட்டு வேன் வந்துதான் கூட்டிட்டுப் போனோம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

கரண்டு டெஸ்ட் லைட்டைக் கையில் எடுத்து, மறுபடி மேசையிலேயே வைத்தார்.

"வெளியூர்லேர்ந்து சாவுக்கு வந்த எங்கண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியாம நான் அப்பாவைக் கொன்னுட்டேன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லியிருக்கான். நான் கன்னாபின்னான்னு உதைச்சு எஞ்சினை அடைச்சுட்டேனாம். நீங்க ரெண்டு நிமிஷ வேலைன்னு சொன்னீங்களே. என்ன கோளாறுண்ணே? என் தப்பா, வண்டித் தப்பா? அது தெரிஞ்சா போதும்."

கரண்டு வண்டியின் மறுபக்கம் போய்க் குந்தினார். சீட்டுக்கு அடியில் விரல் தானாகப் போயிற்று. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. தபால்காரர் சொன்ன சொல் தவறாதவர். வீட்டு வாசலில் நிறுத்தினாலும் அணைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். சத்தமில்லாமல் அதை மேலே தள்ளினார். பயம்தான், வேறென்ன.

"எலிம்மா" என்றார். "எலி வயரைக் கடிச்சிருக்கு. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. உன் தப்பே இல்ல."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இருபது நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள். கரண்டுக்கும் மூச்சு வந்தது. அவளும் தப்பித்தாள், தானும் தப்பித்தோம், எலி வந்து கேட்கவா போகிறது என்று நினைத்தார். வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் நினைத்தார்.

"இதை எங்கண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டான்." போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் கொடுத்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணுதான் மனசுல கிடந்து அரிக்குது. நான் உதைக்கறப்ப அப்பா இடது கையால சீட்டுக்குக் கீழயே காட்டிட்டு இருந்தாரு. வண்டியில ஏத்தச் சொல்றாருன்னு நானும் அம்மாவும் தூக்கி உக்கார வெச்சோம். தலையை இப்படி இப்படி ஆட்டினாரு. மறுபடி அங்கயே காட்டினாரு. கண்ணுல தண்ணியா ஊத்துச்சு. என்ன சொல்ல வந்தாருன்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியலண்ணே."

"ஹலோ" என்றது போன். "யாரு?"

எலி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"நான் வயரிங் கடைக்காரன் பேசறேன் தம்பி. உங்கப்பா வண்டி எங்கிட்ட நிக்குது. வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. நான்தான் அதுல திருடனுக்காக ஒரு சுவிட்ச் ஒளிச்சு வெச்சேன். வீட்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான். அது அணைஞ்சிருந்தா யார் உதைச்சாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. உன் தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என்னாலதான்."

அந்தப் பெண் எழுந்து வந்தாள். கரண்டு அவள் விரலைப் பிடிக்கவில்லை, தூர நின்று இடத்தை மட்டும் காட்டினார். ரப்பர் கட்டைக்குப் பின்னால் அவளே தடவிக் கண்டுபிடித்தாள். கீழே தள்ளி உதைத்தாள், வண்டி சும்மா இருந்தது. மேலே தள்ளி உதைத்தாள், ஒரே உதையில் உறுமியது. சாவியைத் திருப்பி நிறுத்தினாள்.

"நான் வண்டி கேக்கறப்பல்லாம் 'இரும்மா, சீட்டைத் துடைச்சுட்டு வரேன்'னு எனக்கு முன்னாடி போவாரு" என்றாள். "இதுக்குத்தானா."

"அவகிட்ட குடுங்க" என்றது போன்.

"நான் அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க" என்றாள் அவள். அழவில்லை, திட்டவும் இல்லை. அவள் செருப்பைக் கழற்றி நாலு போடு போட்டிருந்தால் கரண்டுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"இதே மாதிரி எத்தனை பேருக்கு வெச்சிருக்கீங்க?"

"இருநூறுக்கு மேல."

"எல்லார்கிட்டயும் சத்தியமா?"

"ஆமாம்மா."

அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

கரண்டு கடையைச் சாத்தினார். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து விரித்து, அதன் மேல் முதல்முறையாக எழுத ஆரம்பித்தார். பால்காரர், டேங்குக்குக் கீழே. கணக்கு வாத்தியார், ஹெட்லைட்டுக்குப் பின்னால். நர்ஸம்மாவின் வீட்டுக்காரர், பேட்டரி மூடிக்குள். எழுபத்து மூன்று வரை வந்தது. அப்புறம் வரவில்லை. கண்ணை மூடினால் வண்டிகள் தெரிந்தன, நிறம் தெரிந்தது, சுவிட்ச் இருக்கும் இடம்கூடத் தெரிந்தது. யாருடையவை, எந்த ஊருக்குப் போயின, யார் யாருக்கு விற்றார்கள் என்பது தெரியவில்லை. அந்த வண்டிகளும் எங்கேயோ வாசல்களில் நின்றுகொண்டிருந்தன.

அட்டையை மடித்துக்கொண்டு முதல் வீட்டுக்கு நடந்தார். பால்காரரின் மனைவி ஈரக் கையோடு கதவைத் திறந்தாள்.

"அவரு வீட்ல இல்லையேண்ணே. சாயங்காலம்தான் வருவாரு."

"உங்களைப் பாக்கத்தாம்மா வந்தேன்" என்றார் கரண்டு. "வண்டிச் சாவியை எடுத்துட்டு வெளிய வாங்க. புள்ளைங்களையும் கூப்பிடுங்க."