ஞாயிற்றுக்கிழமை அறுத்த தாழ்ப்பாள்

என் வீட்டுக்காரர் மின்சார ரம்பம் ஒன்று வாங்கினார். வட்டமாகச் சுற்றும் ரகம் இல்லை. பிடித்து அழுத்தினால், மூக்கு போல நீட்டியிருக்கும் பிளேடு முன்னும் பின்னும் பாயும். வந்த அன்றே வேப்பங்கிளையை வெட்டப் போனார். கிளையும் ஆடியது, அவரும் ஆடினார், பிளேடு மட்டும் இறங்கவில்லை. "இது பொம்பளையாளுக தொடுத சாமான் இல்லளா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அதைப் பெட்டியில் போட்டு மூடினார். கூட வந்த சிறு புத்தகத்தை அவர் தொடவில்லை. மளிகை கட்டி வந்த காகிதத்தையே விடாமல் படிக்கிறவள் நான், அதையும் படித்து வைத்தேன்.

எங்கள் வீடு துறைமுகச் சாலையில். உப்புக்காற்றில் இரும்பு என்று எதுவும் உருப்படாது. குளியலறைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுங்கள் என்று ஒரு மாதமாகச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

குருவானவர் வெளியூர் போனதால், அந்த ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்ய இவரை அழைத்திருந்தார்கள். முப்பது வருட ஆசை. தலைப்பு பொறுமை. குரல் நன்றாக எதிரொலிக்கும் என்று, எழுதிய தாளோடு காலையில் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு பேசிப் பார்த்தார். ஆராதனைக்குக் கோயிலில் முதல் மணி அடித்தது.

"ஏளா, தாழ்ப்பாள் வர மாட்டேங்கு!"

ஆசாரி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை, அவரும் கோயிலில்தான் இருந்திருப்பார். இரண்டாம் மணிக்குக் கால் மணி நேரம்கூட இல்லை. ரம்பத்தை எடுத்தேன்.

"தொடாத! கை போயிரும்!"

"நீங்க மூலைக்குத் தள்ளி நில்லுங்க."

கதவுக்கும் நிலைக்கும் நடுவே பிளேடை நுழைத்தேன். அது துள்ளி, நிலையில் ஒரு வாய் கடித்தது. அது மரத்துக்கான பெரிய பல் பிளேடு என்று அப்போதுதான் உறைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியில் கூடவே வந்திருந்த, இரும்புக்கான பொடிப்பல் பிளேடை மாட்டினேன். பிளேடின் அடியில் இருக்கும் தட்டு மரத்தோடு ஒட்டி அழுந்த வேண்டும், வேகம் மெதுவாகத் தொடங்க வேண்டும் என்று படித்திருந்தேன். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை முட்டுக் கொடுத்தேன். ஆட்டம் நின்றது. பொறுமையைப் பற்றிப் பேசப் போகிறவர் உள்ளே கதவை உதைத்தார்.

"உதைக்காதீங்க, பிளேடு ஒடிஞ்சிரும்!"

தாழ்ப்பாள் இரண்டானது. அவர் வெளியே வந்தார், பிரசங்கத் தாள் வாளித் தண்ணீரில் மிதந்தது. இரண்டாம் மணி அடிக்க அடிக்க ஓடினோம்.

வெறுங்கையோடு அவர் பீடத்தில் ஏறினார். பிறகு, "பொறுமையப் பத்தி ஒரு மாசமா எழுதினேன். அது எங்கிட்ட கொஞ்சமும் இல்லன்னு இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்து, கதவை உதைத்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். கோயிலே சிரித்தது. "தொடாதன்னு நான் சொன்னத கேக்காம எங்க வீட்டுல அவ அறுத்ததாலதான் இங்கன நிக்கேன்" என்று பெண்கள் பக்கம் கையை நீட்டினார். "என்ன, நிலையத்தான் எலி கறம்புன மாதிரி ஆக்கிட்டா."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த ஒரு வேலையை அவர் நாலு பேர் முன்னால் சொன்னது அன்றுதான். அதிலும் ஒரு எலி. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்ததில், கடைசிப் பாட்டை நான் பாடவே இல்லை.