தெரிந்தே குடித்த நான்கு தம்ளர்

எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஆபீசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கலாம் என்றுதான் போனேன். லேப்காரர்கள் கல்லீரலையும் சேர்த்து ஒரே கட்டாகப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை சரி, கொழுப்பு சரி. கீழே கல்லீரல் வரிசையில் எஸ்.ஜி.பி.டி. என்று போட்டு, அதற்கு நேரே 214. பக்கத்தில் தடித்த எழுத்தில், கூடுதல் என்பதற்கு ஒரு ஹெச். நாற்பதுக்குள் இருக்க வேண்டும் என்று அதே வரியில் போட்டிருந்தது.

எனக்கு நாகர்கோவில் பக்கம். பிழைக்க வந்த இந்த மலையாள ஊரில், கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்திரண்டு வருஷம் துணி கிழித்துக் கொடுத்தவன். பள்ளிக்கூடம் எட்டோடு சரி. மீதிப் படிப்பெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு நூறு பேரோடு பேசியவன் இப்போது ஸ்ரீவராகத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறேன். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள்.

கல்லீரல் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். முகாம் லிஸ்ட் அசோசியேஷன் செயலாளர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இரண்டு நாளில் பலசரக்குக் கடைக்காரர் எனக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே, தனிச்சு இருக்கிற ஆளுக்கு ராத்திரி ஒரு துணை வேணுமில்லியா அண்ணாச்சி, அதுல தப்பு ஒண்ணும் இல்ல என்று ஆறுதல் சொன்னார். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அதைச் சொன்னேன். அவர் இன்னும் அன்பாகத் தலையாட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று என் மாமியார் சொல்வாள். உலைமூடி இருந்தாலும் இந்தத் தலையாட்டலை எதைப் போட்டு மூடுவது?

டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண், மலையாளி. பாளையம் பக்கம் ஒரு கிளினிக். ரிப்போர்ட்டைப் பார்த்தும் முகம் மாறவில்லை. அதுவே பாதி மருந்து. அவர் விளக்கியது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. இந்த என்சைம் கல்லீரல் செல்லுக்கு உள்ளே இருந்து வேலை செய்கிற சாமான். செல் அடிபட்டால் அது வெளியே கசிந்து ரத்தத்தில் கலக்கும். எவ்வளவு கசிகிறது என்பதுதான் இந்த நம்பர். யார் அடித்தது என்று நம்பர் சொல்லாது.

எங்கள் கடைக் குடோனில் மழைக்காலத்தில் கதவுக்கு அடியில் சாயத் தண்ணீர் வரும். உள்ளே ஏதோ ஒரு கட்டு நனைந்துவிட்டது என்று அப்போது தெரியும். எந்தக் கட்டு, கூரையில் ஓட்டை எங்கே என்பதெல்லாம் உள்ளே போய்ப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அதேதான் அங்கிள், இனி ஓட்டையைத் தேடலாம் என்றார்.

தேடினார். குடி உண்டா? இல்லை. முன்னால் மஞ்சள்காமாலை? இல்லை. ரத்தம் ஏற்றியது? இல்லை. மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

"மருந்தே கிடையாது டாக்டர்."

இதை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு மருந்து என்றால் அட்டையில் இருந்து பிதுக்கி எடுப்பது.

தினமும் காலை ஆறரைக்கு என் கதவை ஒருவர் தட்டுவார். மூன்று வீடு தள்ளி அக்ரஹாரத் தெருவில் இருப்பவர், தபால் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைச் சாமி என்பேன். அவர் என்னை ஓய் என்பார். அவர் வீட்டுப் பின்புறம் வேப்பமரத்தில் சீந்தில் கொடி படர்ந்து கிடக்கிறது. இங்கே சிற்றமிருது என்பார்கள். போன ஆண்டு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அதன் தண்டை இடித்துக் கஷாயம் வைத்து, மூடி போட்ட எவர்சில்வர் தம்ளரில் கொண்டுவந்தார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் எப்படியும் விட்டிருக்கும். ஆனால் தம்ளர் நிற்கவில்லை. எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் வந்தது.

அவர் உட்கார மாட்டார். தம்ளரைக் கொடுத்துவிட்டு நான் குடித்து முடிக்கும் வரை வாசலில் நிற்பார். கசப்பு இறங்க நேரம் ஆகும். அந்த நேரத்தில் பென்ஷன், தெருக்குழாய், யார் எந்த ஆஸ்பத்திரியில் என்று கால் மணி நேரம் பேசுவார். அவரைத் தவிர அந்த வீட்டில் மகன், பேரன் பேத்தி உள்பட ஆறு பேர். ஒருத்தரும் அந்தக் கஷாயத்தைத் தொடுவதில்லை என்று குறைப்படுவார். ஆறு பேர் செய்யாததை நான் ஒருத்தன் செய்தேன். அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு அன்றைய பேச்சு. அதற்குப் பிறகு மறுநாள் ஆறரை வரை நான் வாய் திறப்பது கடையில் சாமான் பெயர் சொல்ல மட்டும்தான்.

மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கான சோதனையில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் கொஞ்சம் கொழுப்பு. இந்த வயசில் பலருக்கும் இருப்பது, இவ்வளவு நம்பர் வர அது மட்டும் காணாது என்றார் டாக்டர். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்ததில் 263. ஏறியிருந்தது.

அன்றைக்கு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அங்கிள், மருந்து என்று நான் இனி கேட்கவில்லை. காலையில் எழுந்தது முதல் வாயில் போவது எல்லாம் வரிசையாகச் சொல்லணும்."

பல் தேய்ப்பதில் ஆரம்பித்தேன். இரண்டாவதாகத் தம்ளர் வந்தது. வாயில் வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. எத்தனை நாளாக என்றார். எட்டு மாதம் என்றேன். அவர் திட்டவில்லை. சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருடைய கல்லீரல் அதைத் தாங்காது, அது யாருக்கு என்று முன்னால் தெரியாது என்றார். ஆறு வாரம் அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் நம்பர் இறங்குகிறதா பார்ப்போம், கண் மஞ்சளித்தாலோ சாப்பாடு செல்லாமல் போனாலோ ஆறு வாரம் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார்.

அளவுக்கு மிஞ்சினால் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. இந்தக் கதையைக் கேட்ட அத்தனை பேரும் எனக்கு அதைச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஆறரைக்குத் தட்டினார். ராத்திரி முழுக்கச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். கதவைத் திறந்ததும் தம்ளர் கைக்கு வந்துவிட்டது. சூடாக இருக்கு சாமி, ஆறட்டும், பிறகு குடிக்கிறேன் என்றேன்.

"ஆறினா குணம் போயிடும் ஓய். குடியும், நான் நிக்கறேன்."

குடித்தேன். அன்றைக்கு அவர் தெருவில் யாரோ வீட்டு மாடியில் குரங்கு புகுந்து அப்பள மாவைத் தின்ற கதையைச் சொன்னார். நான் சிரித்தேன். உள்ளே கசப்பு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளும் குடித்தேன். மூன்றாம் நாள், நாலாம் நாள். தண்ணீர் கசிகிறது என்று தெரிந்தும் கூரையில் ஏறி நானே ஓடுகளைப் பிரித்துவிடுகிற மாதிரி. டாக்டர் சொன்னதை நம்பாமல் இல்லை. கஷாயம் இல்லாவிட்டால் கதவு தட்டலும் இருக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது, அவ்வளவுதான். கடையில் கிழித்த துணியைத் திரும்ப எடுப்பதில்லை. உறவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ராத்திரி கண்ணாடி முன் நின்று கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று உறைத்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் கண்டுபிடிக்கப் போவதும் இந்த ஆறரை மணிக்காரர்தான். கையில் தம்ளரோடு வந்து கண்டுபிடிப்பார். பிறகு விஷயம் தெரிந்தால் அவர் என்ன ஆவார்?

ஐந்தாம் நாள் தம்ளரை வாங்கவில்லை.

"சாமி, எனக்கு ஈரல்ல கோளாறு இருக்கு. டாக்டர் இதை நிறுத்தச் சொல்லிட்டாவ. இதுனாலயா இருக்கும்னு ஒரு சம்சயம், பாத்துக்கிடுங்க."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"எட்டு மாசமா நான் விஷம் தந்தேன்னு சொல்றீரா?"

"அப்படி இல்ல சாமி. ஒவ்வொருத்தர் உடம்பு வாக்கு."

அவர் மூடியைத் திறந்து அந்தக் கஷாயத்தை என் வாசலில் நின்றே ஒரே மூச்சில் குடித்தார். வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, மூடியைப் போட்டுக்கொண்டு, படி இறங்கிப் போனார். கீழ்ப்படியில் மூடி ஒரு தரம் கிலுங்கியது.

மறுநாள் ஆறரைக்கு நான் முகம் கழுவி, தலை சீவி உட்கார்ந்திருந்தேன். ஏழு ஆனது. பிறகு ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குக்கர் விசில் அடித்தால் சரி சரி என்று பதில் சொல்ல ஆரம்பித்தேன். வாங்கத் தேவையில்லாத சாமானுக்கு விலை கேட்டேன். கழக்கூட்டம் போகிற பஸ்ஸில் ஏறி, கடைசி வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் காதில் ஒயர் மாட்டியிருந்தார்கள். தெருவில் இரண்டு தடவை சாமியைப் பார்த்தேன். ஒரு தடவை அவர் குனிந்து செருப்பைச் சரி செய்தார். மறு தடவை நான் சரி செய்தேன்.

ஆறாம் வாரம் ரத்தம் கொடுத்தேன். எஸ்.ஜி.பி.டி. 58. டாக்டர் கை குலுக்கினார். இன்னும் ஒரு மாதத்தில் நாற்பதுக்குள் வந்துவிடும், இனி அதைத் தொடக்கூடாது என்றார். வெளியே வந்து மகளைக் கூப்பிட்டேன். நல்லதுப்பா, மீட்டிங்கில் இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன் என்றாள். உண்மையிலேயே சந்தோஷம்தான் அவளுக்கு, குரலில் தெரிந்தது. பலசரக்குக் கடைக்காரரிடம் சொன்னேன். நிறுத்திட்டீங்களா அண்ணாச்சி, நல்ல முடிவு என்றார். ஆமா, நிறுத்திட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

நம்பர் இறங்கிய சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த ஆளிடம் சொல்ல முடியாத சந்தோஷமாகவும் அது இருந்தது.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போகும்போதுதான் நினைத்துப் பார்த்தேன், எட்டு மாதமாக அவர் வந்தார், ஒரு நாளும் நான் போனதில்லை. அவர் பின்புறம் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கொடி அப்படியே இருந்தது. உள்ளே டிவி சத்தம். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். நான் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தபால் முத்திரை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கொறஞ்சிருக்கு, அல்லே?"

"கொறஞ்சிருக்கு சாமி."

"அப்போ நான் தந்ததுதான்."

அவர் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நானும் போய் எடுத்துப் பார்த்தேன். ஆத்துல யார்ட்டயும் சொல்லலை. எனக்கு முப்பத்தொண்ணு." அதில் கொஞ்சம் ஜெயித்த குரலும் இருந்தது, கொஞ்சம் வேறு குரலும் இருந்தது. "நானும் தினம் குடிக்கறதுதான். அதே கொடி. அதே தண்ணி. எனக்கு ஒண்ணும் இல்லை, உமக்கு மட்டும் இப்படி. எனக்குப் புரியலை ஓய்."

"டாக்டருக்கும் அவ்வளவுதான் தெரியும் சாமி."

பிறகு நான், காலையில் இப்பவும் அந்தப் பக்கம் வந்தால் என்ன என்று கேட்டேன். அவர் கையை விரித்துக் காட்டினார்.

"வெறுங்கையோட எப்படி ஓய் ஒரு ஆத்து வாசல்ல போய் நிக்கறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோபம் எப்போதோ ஆறிவிட்டது. தம்ளர் இல்லாமல் வர அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அது கஷாயம், அவருக்கு அது வருவதற்கான சீட்டு. இத்தனை நாள் நானும் ஒன்றும் கையில் இல்லாமல் போகத் தெரியாமல்தானே இருந்தேன்? இன்றைக்கு ரிப்போர்ட் கிடைத்தது, வந்தேன்.

"சாமி, எனக்கு இப்ப பத்திரிகை வாறதில்ல, நிறுத்திட்டேன். மலையாள எழுத்தும் வேகமா ஓட மாட்டேங்கு. நீங்க வாசிச்ச பிறகு கொண்டு வந்து நாலு வரி வாசிச்சுச் சொன்னா உபகாரமா இருக்கும்."

இரண்டும் பொய். முப்பத்திரண்டு வருஷம் கிழக்கேகோட்டையில் நின்றவனுக்கு மலையாள எழுத்து ஓடாதா? அன்று காலை வந்த பேப்பர் என் மேஜை மேல்தான் கிடந்தது. டாக்டரிடம் தெரியாமல் சொன்ன பொய்க்கு இது தெரிந்து சொன்ன பொய். திரும்பும் வழியில் ஏஜென்ட் கடையில் ஏறி, நாளையிலிருந்து எனக்குப் பேப்பர் வேண்டாம் என்று சொல்லி, பாதி பொய்யை உண்மையாக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆறரைக்கு வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. அவர் முதலில் வாசித்து முடிக்க வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. பேப்பரை நாலாக மடித்து, தம்ளரைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று வாசலிலேயே நின்று, இறந்தவர்கள் பக்கத்தைப் பிரித்தார். அதில்தான் தெரிந்த மனுஷா இருப்பா என்றார்.

ஒவ்வொன்றாக ஊரும் வயதும் வாசித்தார். எண்பத்தொன்று. எழுபத்தாறு. தொண்ணூறு. அறுபத்துமூன்று என்று ஒன்று வந்தது, என் வயது. அதை வாசித்துவிட்டு ஒரு நொடி என் கண்ணைப் பார்த்தார், வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு அடுத்ததற்குப் போனார்.