மிட்டு ஏன் சுற்றவில்லை?

துபாயில் ஒரு நாய்ப் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. “சுத்து” என்றதும் தரையில் வைத்த பிளாஸ்டிக் கோனைச் சுற்றிவர, மிட்டு என்ற பத்து மாத நாயைப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஏசி ஹாலில் தவறாமல் சுற்றும். அன்று அதை வளர்க்கும் ராதா மேடம் பார்க்க வருவதாக இருந்தது. ஹாலில் வேறு வகுப்பு நடந்ததால், பார்க்கிங்கில் கோனை வைத்தேன். மே மாத வெயில்.

“சுத்து” என்றேன். மிட்டு பாதியில் நின்று, கால்களை மாற்றி மாற்றித் தூக்கியது. மேடம் வரும் நேரத்தில் மானத்தை வாங்குகிறதே என்று கழுத்து வாரைச் சுண்டி இழுத்துக் கத்தினேன். பயந்துபோய் முழுச் சுற்றும் சுற்றிவிட்டு, என் காலடியில் படுத்துத் தன் பாதத்தை நக்கியது.

வாட்ச்மேன் கரீம் பாய் ஓடிவந்தார். “தம்பி, ஷூவக் கழட்டிட்டு நீ நில்லு பாப்போம்!”

நின்றேன். மூன்று நொடி தாங்கவில்லை.

மிட்டுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பாதங்கள் கொப்பளித்திருந்தன. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மேடம் வந்துவிட்டார்.

“என்னாச்சு?”

விளையாடும்போது அடிபட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

“என் தப்பு மேடம். சுடுதரையில ஓட விட்டேன். அடம் பிடிக்குதுன்னு நெனச்சுக் கத்திட்டேன்.”

அவர் உடனே மிட்டுவை டாக்டரிடம் தூக்கிப்போனார்.

மூன்று வாரம் கழித்து அவரே மிட்டுவை அழைத்துவந்து வாரை என் கையில் கொடுத்தார். “உண்மையச் சொன்னீங்க. அதனாலதான் வந்தேன்.”

மிட்டு வாலை ஆட்டியது. ஆனால் “சுத்து” என்றதும் ஓடவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தது. என் கோபத்துக்கு அது பயந்த அளவுக்கு, அதன் வலியை நான் கவனிக்கவில்லையே என்று இன்றும் மனம் கூசுகிறது.