ஃபேர்னஸ் அறையில் தோட்டா மேசை

போன சனிக்கிழமை தேவனை அவன் வீட்டு பேஸ்மென்றில் வைத்தே திட்டிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களும் திட்டுங்கள்.

தேவன் இங்கே கனடாவில், மில்லிக்கன் பக்கம் இருக்கிறான். வேலைத்தலத்து ஆட்களோடு மான் வேட்டைக்குப் போகிறவன். லைசென்ஸ் எல்லாம் உண்டு. இப்போது புதுப் பைத்தியம் — சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளில் மருந்தும் சன்னமும் வைத்து, தோட்டாவை வீட்டிலேயே செய்யப்போகிறானாம். சாமான் தெரிவு செய்ய என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

கடைக்கார வெள்ளைக்காரர் நல்ல மனிதர். "தொடங்குகிறவனுக்கு, சன்னத்தைக் கோதுக்குள் அழுத்த, ஒரு கைப்பிடி வைத்த சின்ன பிரஸ் மெசின் போதும். ஆனால் மருந்து நிறுக்கிற தராசில் கஞ்சத்தனம் பார்க்காதே. அது பிழைத்தால் துவக்கு உன் முகத்தில்தான் வெடிக்கும்" என்றார்.

தேவன் கேட்டானா? சின்ன பிரஸையும் வாங்கினான், பெரியதையும் வாங்கினான். பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாமாம்... கனடாத் தமிழன்!

பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் நிற்கும் அறையில் மேசை போட்டு இரண்டையும் அதன்மேல் பூட்டினான். அந்த அறைக்கு அடுத்த கதவு யாருடையது? வாடகைக்கு இருக்கிற ஜெகனுடையதும் வாணியுடையதும். வாணி முன்பே வந்தவள். ஜெகன் வன்னியில் சண்டை முடியும்வரை அகப்பட்டு, முகாமில் கிடந்து, இப்போதுதான் அவளுடைய ஸ்பொன்சரில் வந்திருக்கிறார். புருசன் பெண்சாதி ஒரு கூரையின் கீழ் இருக்கத் தொடங்கியதே இப்போதுதான்.

அந்த மனிதரைக் கூப்பிட்டு, கோதுகளை மேசையில் கொட்டி, தேவன் கேட்டிருக்கிறான்: "ஜெகன் அண்ணை, நீங்கள் வன்னி ஆள். உங்களுக்குத் தெரியாததே? உதுக்குள்ள எந்த மெசின் திறம்?"

ஜெகன் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். அடுத்த நாள் வாணி மேலே வந்து, "நாங்கள் வேற இடம் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டாள்.

"நான் மரியாதையாத்தானே அண்ணை கேட்டனான்?" என்று தேவன் என்னிடம் புலம்பினான்.

"விசரா! வன்னியில இருந்து வந்தவன் எல்லாம் துவக்கோட பிறந்தவனோ? அந்த மனுசன் எத்தினை பேரைப் புதைச்சிட்டு வந்தவரோ. அவரிட்டப் போய் கோதைக் கொட்டுறாய்!" என்று அங்கேயே திட்டினேன்.

தேவன் மட்டுமா? நாங்கள் எல்லோரும்தான். அங்கே சண்டை நடந்தபோது இங்கே ரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். சரி. அங்கிருந்து ஒருவர் உயிரோடு வந்து நின்றால்? சாப்பிட்டீங்களா என்று கேட்க முதல், ஆமி எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்கிறோம். எங்களுக்கு அவர் மனிதர் இல்லை — செய்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் தேவன் கெட்டவனில்லை. திட்டு வாங்கிய முகத்தோடு போய் ஜெகனின் கதவைத் தட்டினான். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் ஒருவன் கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை வெளியே நின்றதை அன்றுதான் கண்டேன்.

"ஜெகன் அண்ணை, நான் பிழையாக் கேட்டுட்டன். சாமானெல்லாம் இண்டைக்கே சிநேகிதன்ர கராஜுக்குப் போகுது. நீங்கள் போகாதேங்கோ."

ஜெகன் கதவைப் பிடித்தபடி நின்றார். வாணி பின்னால் நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"எல்லாரும் சண்டையைத்தான் கேக்கினம். அங்க நீ என்ன வேலை செய்தனி எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல" என்றார் ஜெகன்.

தேவன் விழித்தான். "என்ன வேலை அண்ணை?"

"பேக்கரி வச்சிருந்தனான். பாண், பணிஸ் எல்லாம் போட்டனான்." ஃபேர்னஸ் அறைப்பக்கம் எட்டிப் பார்த்தார். "மேசை போனா அந்த இடம் சும்மாதானே கிடக்கும்? ஒரு ஓவன் வைக்கட்டே? வச்சா இருக்கிறம்."

கீழே இரண்டாவது அடுப்பென்றால், வாடகைக்கு விடுகிற எங்கள் ஆட்களுக்கு கறன்ட் செலவை நினைத்தே உயிர் போய்விடும். தேவன் என்னைப் பார்த்தான். நான் முறைத்தேன்.

"வையுங்கோ அண்ணை" என்றான்.

இனி தேவன் ஜெகனிடம் கறன்ட் பில்லைப் பற்றி மூச்சு விடட்டும், அடுத்த முறை அவன் வீட்டு முகவரியோடு இங்கே எழுதுகிறேன்!