மைத்துனரின் முகம்

என் மகள் வயிற்றுப் பெயர்த்திக்கு எட்டு வயது. அவளுக்கு ஆட்டிசம் என்று உறுதிசெய்த மருத்துவர், ஒரு திரையில் சிரிக்கும் முகத்தையும் சுழலும் சக்கரத்தையும் அருகருகே காட்டினார். அவள் கண் சக்கரத்தை விட்டு அகலவில்லை. எதிரிலிருப்பவரின் முகக்குறிப்பில் அவள் பார்வை தானாகச் சென்று படிவதில்லை என்று விளக்கினார். அன்றுமுதல் அத்துறையில் கிடைத்ததையெல்லாம் பயின்று, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் விரித்துரைத்து வந்தேன்.

என் இளைய மகனின் திருமணம் கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் நடைபெற்றது. வாயிலில் பன்னீர் தெளிக்கும் பணியைப் பெயர்த்தி விரும்பி ஏற்றாள். துளிகள் தெறிப்பதைக் காண்பதில் அவளுக்குப் பெருவிருப்பம். வரவேற்க நானும் உடன் நின்றேன். எங்கள் உறவினரில் ஒருவரை முகம் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லாவிட்டால், அவர் பந்தியில் கை நனைக்கமாட்டார்.

முகூர்த்தத்துக்குச் சற்றுமுன் என் மனைவி பதறி வந்தாள்.

“என் தம்பி கடசி வரிசைல போய் குந்திக்கினு இருக்கான். மேடைக்கு வரமாட்டானாம். வாசல்ல வாங்கன்னு ஒருத்தரும் கேக்கலியாம்.”

மணமகனுக்கு நெற்றிப்பட்டம் கட்டவேண்டிய தாய்மாமன் அவர். பட்டம் கட்டாமல் தாலி ஏறாது.

பழி பெயர்த்திமேல் விழலாகாதே என்று விரைந்தேன். வடக்கனந்தலிலிருந்து வந்திருந்த மைத்துனர் கைகட்டி அமர்ந்திருந்தார். சமூகக் குறிப்புகளில் பார்வைக் கவனம் என்னும் பொருளை அவருக்கு அடிப்படையிலிருந்து விளக்கத் தொடங்கினேன். சக்கரம்வரை வந்தபோது அவர் குறுக்கிட்டார்.

“கொயந்தைய ஏன் மாமா இழுக்கறீங்க? அது பன்னீர் தெளிச்சுது, சட்டையே நனைஞ்சிபோச்சி. நல்லா இருக்கீங்களான்னு உங்கள ரெண்டு வாட்டி கேட்டேன். நீங்கதான் எதிர்ல மாட்டுன பேனர படிச்சிக்கினு நின்னீங்க.”

அந்தப் பதாகையில் இருந்தது நான் யாத்த வாழ்த்துப்பா.

“இப்பகூட நாற்காலிய பாத்துதான் பேசறீங்க” என்றார்.

அவர் எழுந்து மண்டபத்துக்கு வெளியே நடந்தார். கோபித்துச் செல்கிறார் என்றே எண்ணினேன். மீண்டும் உள்ளே வருவார், ஓடிப்போய் முறையாக வரவேற்க வேண்டும் என்பதை மனைவிதான் எனக்கு விளக்கினாள்.

அவர் வந்தார். பெயர்த்தி சட்டையைப் பார்த்துப் பன்னீர் தெளித்தாள். நான் அவர் முகத்தில் கண்களை ஊன்றி, “வாங்க மச்சான்” என்றேன். குறையாகிவிடுமோ என்றஞ்சி இமைக்கவும் இல்லை.

“வந்தேன், வந்தேன். அதுக்கு இன்னாத்துக்கு மாமா மொறைக்கிறீங்க?” என்றபடியே, சட்டையைத் துடைத்துக்கொண்டு அவர் மேடையேறினார்.